நரம்பு மாத்திரை வாங்கும் முன்

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் நரம்பு பாதிப்பு வந்துவிடுகிறது. "கால் எரியுது, நரம்புக்கு ஏதாவது சத்து மாத்திரை குடுங்க" என்று கேட்கும் ஆள் வராத மெடிக்கல் ஷாப் இல்லை. கேட்டவுடன் கைக்கு வருவது பத்துப் பன்னிரண்டு சத்துகளை ஒன்றாக அடைத்த ஒரு கேப்ஸ்யூல். அதில் உங்களுக்கு வேண்டிய சத்து ஒன்று இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். உங்கள் உடம்புக்கு ஆகாத ஒன்றும் அதற்குள் இருக்கலாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு சத்து குறைந்ததால் நரம்பு கெட்டிருந்தால், அந்தச் சத்தைப் போலச் சிறந்த மருந்து வேறில்லை. குறை இல்லாத இடத்தில் அதே மாத்திரை பணத்தைத்தான் கரைக்கும். எனவே குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கீழே உள்ளவை மருத்துவரிடம் போகாமலிருக்க அல்ல, போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

1. சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்புக்கு ஒரு போக்கு உண்டு. இரண்டு கால் விரல்களிலும் ஒன்றாகத் தொடங்கும். மதமதப்பு, எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது, எரிச்சல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு. ராத்திரி படுத்ததும் கூடும், போர்வை பட்டாலே சிலருக்குத் தாங்காது. பிறகு மெல்லப் பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனியிலும் தெரியும். ஒரு கால் மட்டும் மரத்துப்போனாலோ, திடீரென்று பலம் குறைந்தாலோ, இடுப்பிலிருந்து மின்சாரம் பாய்வது போல வலி இறங்கினாலோ அது வேறு நோயாக இருக்கலாம். அதற்குச் சத்து மாத்திரை சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது.

2. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உள்ளே இழுக்கப்படும் வேலைக்கு அது இடைஞ்சல் செய்கிறது. அந்த வேலைக்குக் கால்சியம் தேவை, மெட்ஃபார்மின் கால்சியத்தின் வழியில் குறுக்கே நிற்கிறது. ஈரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. நாலைந்து வருடம் கழித்துக் கால் மதமதக்கும்போது, "சுகர்னாலதான்" என்று நோயாளியும் சொல்வார், வீட்டிலும் சொல்வார்கள். பி12 குறைவால் வரும் மதமதப்பும் சர்க்கரையால் வரும் மதமதப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதைச் சரிசெய்யலாம், பின்னதை அவ்வளவு எளிதில் முடியாது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022-இல் இதை மெட்ஃபார்மினின் சாதாரணமாகக் காணும் பக்கவிளைவு என்றே அறிவித்தது. நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, குறிப்பாக ரத்தசோகையோ நரம்பு பாதிப்போ இருந்தால், அவ்வப்போது பி12 பார்க்கும்படி அமெரிக்க நீரிழிவு சங்கமும் சொல்கிறது. எச்பிஏ1சி-க்கு ரத்தம் கொடுக்கும் அன்றே இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. யார் முதலில் பார்க்க வேண்டும்? நாலு வருடத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அதிலும் நாளுக்கு 1,500, 2,000 மி.கி. என்று அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள். சைவ உணவுக்காரர்கள். அறுபதைத் தாண்டியவர்கள். இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் எழுந்ததும் 'கேஸ் மாத்திரை' போடுகிறவர்கள். பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் இந்த வகைதான். உணவோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கி வைத்தால் பி12-உம் குறையும். மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் சேர்ந்து ஓடும் வீடுகள் நம்மிடம் ஏராளம். எப்போதோ இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த கேஸ் மாத்திரை பத்து வருடமாகத் தொடர்கிறது என்றால், இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள். பி12 ஊசியோ மாத்திரையோ எடுத்த பிறகு பார்த்தால் எண் உயர்ந்திருக்கும், உண்மை நிலை தெரியாது. ரிப்போர்ட்டில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை, 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும் கால் எரிச்சல் இருப்பவருக்கு அது போதாமல் இருக்கலாம். அப்போது மெத்தில்மலோனிக் அமிலம் என்ற கூடுதல் சோதனை உதவும். பி12 குறைந்தால் இந்த அமிலம் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வேறு காரணத்தாலும் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

5. பி12 குறைகிறது என்று பயந்து மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் நரம்பு இன்னும் கெடும். மெட்ஃபார்மினைத் தொடர்ந்துகொண்டே பி12-ஐச் சேர்த்துக்கொள்ளலாம்.

6. உணவில் பி12 எங்கே இருக்கிறது? ஆடு, கோழி ஈரல், மத்தி, கானாங்கெளுத்தி, நண்டு, மட்டி, இறைச்சி, முட்டை, பால், தயிர். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 முதல் 2.5 மைக்ரோகிராம்தான். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் கிடைக்கும். மத்தி மீன் வாரம் இரண்டு முறை சமைக்கிற வீட்டில், குடல் சரியாக இழுத்துக்கொள்ளும்வரை, இது ஒரு பிரச்சினையே இல்லை.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பாதாம், பேரீச்சை எதிலும் பி12 கிடையாது. புளித்த இட்லி மாவில் கிடைக்கும், பழைய சோற்றில் நிறைய இருக்கிறது என்று சொல்வார்கள். அவற்றுக்கு வேறு நன்மைகள் இருக்கலாம், பி12-க்கு அவற்றை நம்பக் கூடாது. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பாலும் தொடாத முழுச் சைவர்களுக்கு மாத்திரை ஒன்றுதான் வழி.

7. ஊசியா, மாத்திரையா? மிகவும் குறைந்து நரம்பு பாதிப்பும் தெரிகிறவர்களுக்கு மருத்துவர்கள் ஊசியில்தான் தொடங்குவார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நாளுக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். குடலின் வழக்கமான பாதை அடைபட்டிருந்தாலும் இவ்வளவு பெரிய அளவில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு தானாகவே ரத்தத்தில் கலந்துவிடும், அதுவே அன்றைய தேவைக்கு மேல். மெத்தில்கோபாலமின், சயனோகோபாலமின் இரண்டும் பி12-தான். 'மெத்தில்' என்றால் உயர்ந்தது என்று கூடுதல் விலை கொடுக்கத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிரேக்க நாட்டில் செய்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே சொல்லத் தகுந்தது. குறைந்தது நாலு வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டு, பி12 குறைந்து, நரம்பு பாதிப்பும் இருந்த 90 பேரை எடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு 1,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை, மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரை. ஒரு வருடம் கழித்து, பி12 சாப்பிட்டவர்களுக்கு வலியும் குறைந்திருந்தது, நரம்புச் சோதனைகளும் தேறியிருந்தன. குறை இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததால் கிடைத்த பலன் இது.

8. பொறுமை வேண்டும். ரத்தசோகை சில வாரத்தில் தேறும். நரம்பு அப்படி அல்ல. அறுந்த நரம்பு வளரும் வேகமே நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம். தொடக்கத்தில் சிலருக்கு ஊசி குத்தும் உணர்வு கூடுவதும் உண்டு. ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் போன உணர்வு முழுவதும் திரும்பாது, மேலும் கெடாமல் நிற்கும்.

9. பி12 எவ்வளவு என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் சாப்பிட வேண்டாம். ரத்தசோகை மறைந்துவிடும், முகத்தில் தெளிவு வரும், உள்ளே நரம்பு மட்டும் தொடர்ந்து கெட்டுக்கொண்டே இருக்கும். ரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலம் கலந்த இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள்.

10. பி6, அதாவது பைரிடாக்சின். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நரம்புக்கு என்று வாங்கும் மாத்திரையே நரம்பைக் கெடுப்பது இதில்தான் நடக்கிறது.

1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். நாளுக்கு 2 முதல் 6 கிராம் பி6 சாப்பிட்டவர்கள். எல்லோருக்கும் கால் மரத்துப்போய், தரை எங்கிருக்கிறது என்றே தெரியாமல் தள்ளாடி நடக்கும் நிலை. மாத்திரையை நிறுத்திய பிறகு தேறினார்கள், ஆனால் மெதுவாக. அவ்வளவு யாரும் சாப்பிடுவதில்லையே என்று நினைக்கலாம். ஆனால் அதைவிடக் குறைந்த அளவிலும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு இதே பாதிப்பு வருவது பிறகு தெரிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் வளர்ந்தவருக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று வைத்தது. அமெரிக்காவின் வரம்பு 100 மி.கி. நமக்கு உண்மையில் வேண்டியது 2 மி.கி.கூட இல்லை.

இப்போது வீட்டில் இருக்கும் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். நரம்பு மாத்திரையில் கொஞ்சம், 'பி காம்ப்ளக்ஸ்' மாத்திரையில் கொஞ்சம், முடி உதிர்வுக்கு வாங்கியதில் கொஞ்சம், பக்கத்து வீட்டு அக்கா சொன்ன எனர்ஜி பவுடரில் கொஞ்சம். சில மாத்திரைகளில் மட்டுமே 50, 100 மி.கி. இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு மதமதப்பு கூடியிருந்தால் இந்தக் கூட்டல் கணக்கோடு மருத்துவரைப் பாருங்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர் தரும் பி6 வேறு விஷயம், அது அவசியம். அதை நிறுத்திவிடாதீர்கள்.

11. ஆல்ஃபா லிப்போயிக் அமிலம். விலை உயர்ந்த நரம்பு கேப்ஸ்யூல்களில் பெரும்பாலும் இதுதான் தலைப் பெயர். 1951-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் ரீட் என்பவர், டன் கணக்கில் கால்நடை ஈரலைப் பிழிந்து வெறும் 30 மி.கி. அளவுக்கு இதைப் பிரித்தெடுத்தார். நம் உடம்பே இதைத் தயாரித்துக்கொள்கிறது. சர்க்கரை கூடும்போது நரம்புக்குள் சேரும் ஆக்சிஜன் கழிவைத் தணிக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஜெர்மனியில் பல பத்தாண்டுகளாக நரம்பு பாதிப்புக்குக் கொடுத்து வருகிறார்கள்.

பலன் உண்டா? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 600, 1,200, 1,800 மி.கி. என்று மூன்று அளவில் ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எரிச்சலும் வலியும் குறைந்தன. 600-க்கு மேல் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை, குமட்டல்தான் கூடியது. நாலு வருடம் நடந்து 2011-இல் வந்த பெரிய ஆய்வில், முதன்மையாக எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை, சில அறிகுறிகள் மட்டும் கொஞ்சம் தேறின. ஆறு மாதத்துக்கு மேல் நடந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்த காக்ரேன் குழு, அறிகுறிகளில் இதனால் பெரிய மாற்றம் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2024-இல் எழுதியது.

என் கணிப்பு: வலி தாங்காமல் தவிக்கிறவர், மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று மாதம் 600 மி.கி. சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன் வெறும் வயிற்றில் எடுத்தால்தான் நன்றாக உள்ளே போகும். பலன் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இதனால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்திருக்கிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். 100 மி.கி. மட்டுமே உள்ள கேப்ஸ்யூல்கள் நிறைய விற்கின்றன. அந்த அளவை வைத்து மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் நடக்கவில்லை.

12. பி1, அதாவது தயமின். நரம்புக்கும் வைட்டமினுக்கும் உள்ள உறவை உலகம் கண்டுகொண்டதே பெரிபெரி நோயால்தான். தவிடு நீக்கித் தீட்டிய பச்சரிசியையே சாப்பிட்டவர்களுக்குக் கால் மரத்து, பலம் போய், இதயமும் கெட்டது. சென்னை மாகாணத்தில் இந்த நோய் மண்டிக் கிடந்தது வடக்கே, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில். தமிழ்ப் பகுதிகள் பெரும்பாலும் தப்பியதற்குப் புழுங்கல் அரிசி ஒரு முக்கியக் காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த நோயை ஆராயக் குன்னூரில் 1918-இல் ஒரே அறையில் தொடங்கிய சிறிய பிரிவுதான் பிற்பாடு ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் பி1 குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. சிறுநீரில் அதிகம் வெளியேறிவிடுகிறது. அதனால் கொழுப்பில் கரையும் வகையான பென்ஃபோடியமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரம் நடந்த ஜெர்மன் ஆய்வுகளில் வலி கொஞ்சம் குறைந்தது. நார்வேயில் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தபோது நரம்பில் மாற்றமே தெரியவில்லை. பெரிய கெடுதல் இல்லாத மாத்திரை, ஆனால் கைமேல் பலனும் இல்லை. தினம் மது அருந்துகிறவருக்கு மட்டும் பி1 உண்மையிலேயே முக்கியம். மது பி1-ஐயும் குறைக்கும், நேராகவும் நரம்பைக் கெடுக்கும். குடியை நிறுத்தாமல் எந்த நரம்பு மாத்திரையும் அவருக்கு உதவாது.

13. சிறுநீரகம் பாதித்தவர்கள் கவனம். கனடாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 238 பேர். ஒரு பிரிவுக்கு ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. தினமும் கொடுத்தார்கள், நன்மை கிடைக்கும் என்ற நம்பிக்கையில். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகத் தளர்ந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. "வைட்டமின்தானே, அதிகமானா ஒண்ணுக்குல போயிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இதுவே பதில். கிரியாட்டினின் கூடியவர்களும் சிறுநீரில் புரதம் போகிறவர்களும், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சத்துக் கலவையையும் தொட வேண்டாம். மெக்னீசியம் மாத்திரையும் இவர்களுக்கு ஆபத்து, உடம்பிலேயே தங்கிவிடும்.

14. வைட்டமின் டி. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் இருந்தும் நம்மில் பலருக்குக் குறைவுதான். குறை இருப்பவருக்கு ஈடுசெய்தால் உடம்பு வலி குறையும், எலும்புக்கு நல்லது. நரம்பைத் திரும்பக் கொண்டுவரும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக்கொடுத்தால் எட்டோடு நிறுத்த வேண்டும். அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

15. அசிட்டைல் கார்னிடின், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், துத்தநாகம், குரோமியம். நரம்புக்காக இவற்றுக்குச் செலவு செய்யும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

16. அட்டையையும் டப்பாவையும் படிக்கப் பழகுங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்கும் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 'நரம்புக்கு நல்லது' என்று முன்பக்கம் பெரிதாகவும் இந்த வரியைப் பின்பக்கம் பொடி எழுத்திலும் பார்க்கலாம். மாறாக, அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

பல 'நரம்பு மாத்திரை'களில் மெத்தில்கோபாலமினோடு ப்ரீகபலின் அல்லது கபாபென்டின் சேர்ந்திருக்கும். அவை சத்து அல்ல, வலி மருந்து. தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் வரும். வயதானவர்கள் ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுவதற்கு இது ஒரு காரணம். வெறும் வைட்டமின் என்று நினைத்துத் திடீரென்று நிறுத்தினாலும் தொந்தரவு வரும். அப்பா, அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

17. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின், நரம்புக் கலவைகளிலும் இருக்கிறது. தைராய்டு சோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையையும் இது பொய்யாகக் காட்டவைக்கும். ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள். வைட்டமின் சி-யை அதிக அளவில் சாப்பிட்டால் சில வகை குளுக்கோமீட்டரும் கையில் ஒட்டும் சென்சாரும் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.

18. சமையலில் போடும் மஞ்சள் வேறு, குர்க்குமின் கேப்ஸ்யூல் வேறு. மிளகுச் சத்தைச் சேர்த்து உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த கேப்ஸ்யூல்களால் சிலருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி எல்லாம் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது தாழ்சர்க்கரை ஆகலாம்.

19. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் சத்து மாத்திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டுலாக்செடின், ப்ரீகபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை வலிக்கு நிரூபணமானவை. உங்கள் இதயம், சிறுநீரகம், வயது பார்த்து மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மிளகாய்க் காரத்தின் சத்தான கேப்சைசின் களிம்பும் உதவும். அதன் 8 சதவீதப் பட்டைக்கு, சர்க்கரையால் வரும் கால் நரம்பு வலிக்காக, அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

20. நரம்பைக் காப்பதில் முதல் மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடுதான். முதல் வகை சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கண்டிப்பான கட்டுப்பாடு நரம்பு பாதிப்பை ஏறக்குறைய 60 சதவீதம் குறைத்தது. நம்மிடம் அதிகமுள்ள இரண்டாம் வகையில் பலன் இவ்வளவு இல்லை, ஆனாலும் உண்டு. ஒன்று மட்டும்: ரொம்ப நாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை ஒரேயடியாக இறக்கக் கூடாது. மூன்று மாதத்தில் எச்பிஏ1சி இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்தால் சிலருக்குக் கடும் எரிச்சல் புதிதாகத் தொடங்கும். சர்க்கரை குறைந்த பிறகு கால் எரிகிறதே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

21. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் பாருங்கள், அல்லது வீட்டில் வேறு ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாட் வாட்டர் பேக் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதாக இருந்தால் காலையில் வெயிலுக்கு முன் போங்கள். கருங்கல் தரையில் கொப்புளம் வந்ததே வீடு வந்து ரத்தக்கறை பார்த்த பிறகு தெரிந்தவர்கள் உண்டு.

22. செருப்பு. வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாமல் அடிபட்டுக்கொண்டே இருப்பதால் என்று காட்டினார். அந்த நோயாளிகளின் காலைக் காக்க உருவான எம்.சி.ஆர். செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக்கொடுக்கப்படுகிறது. மிருதுவான உள்பாகம், ஆணி அடிக்காத அடிப்பாகம், பின்பக்க வார். ஒரு மாத நரம்பு கேப்ஸ்யூலுக்கா, இந்தச் செருப்புக்கா என்று பணத்தைப் பிரித்துப் பார்க்கிற நிலை வந்தால் செருப்பை வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் போடுங்கள்.

23. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஆணிக்கால், நீர் கசிவு எது இருந்தாலும் மறுநாளே காட்டுங்கள். காய்ச்சலோ கெட்ட வாடையோ கருப்பு நிறமோ இருந்தால் மறுநாள்வரைகூடப் பொறுக்க வேண்டாம்.

24. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து உட்பட. உள்ளே நுழைந்ததும் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். நைலான் இழையால் தொட்டு, அதிர்வுக் கவையை வைத்துப் பார்க்கும் கால் சோதனை சில நிமிடம்தான் ஆகும், வருடம் ஒரு முறையாவது அதைக் கேட்டு வாங்க வேண்டும். பி12 ரிப்போர்ட்டில் தேதியோடு அளவைக் குறித்து வையுங்கள். ஏதாவது சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால், "இது எந்தக் குறைக்கு, எத்தனை மாசத்துக்கு, பலன் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டு, பதிலை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.